ஏணியடியில் நின்ற ஜம்புநாதன்

1

2024 செப்டம்பர் 7, சனிக்கிழமை காலை ஏழே முக்கால் மணி அளவில், டெக்சாஸ் மாநிலத்தில், ஹூஸ்டனுக்கு மேற்கே இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கும் ஒரு மாட்டுப் பண்ணையில், ஜம்புநாதன் என்ற ஐம்பத்தொரு வயது மென்பொருள் மேலாளர் துப்பாக்கிக் குண்டு பட்டு இறந்தார். வேட்டைப் பரணிலிருந்து ஏணி வழியாக இறங்கும்போது அவர் கையிலிருந்த துப்பாக்கி தவறுதலாக வெடித்தது என்கிறது உள்ளூர்ப் போலீஸான கவுன்டி ஷெரிஃப் அலுவலகத்தின் அறிக்கை. உடன் இருந்தவர் ஒருவர்.

நான் எழுத உட்கார்ந்தது கதை அல்ல. ஒரு தமிழ்க் காலாண்டிதழுக்குக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். அமெரிக்காவில் வேட்டைக்குப் போகத் தொடங்கியிருக்கும் நம் ஐ.டி. ஆட்களைப் பற்றிய கட்டுரை. மானுக்கும் காட்டுப்பன்றிக்கும் சிறிய தோட்டா போடும் பாதித் தானியங்கித் துப்பாக்கி போதுமா, போதாதா என்று அவர்கள் ஓயாமல் வாதம் செய்வார்கள். அதை வைத்துத் தொடங்கலாம் என்று எண்ணம். நவம்பரில், ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் என் வீட்டிலிருந்து, கோவையில் கல்லூரியில் எனக்கு இரண்டு வருடம் பின்னால் படித்த இளமாறனைக் கூப்பிட்டேன். டெக்சாஸில் இருப்பவர், துப்பாக்கி சுடப் போகிறவர், அவரிடம் நாலு தகவல் கிடைக்கும் என்று நினைத்தேன்.

அந்த "உடன் இருந்தவர்" இளமாறன்தான் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

கேள்வியை முழுவதும் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்:

"வேற ஒண்ணு சொல்லோணுங்ண்ணா. ஆனா கட்டுரையா எழுதாதீங்க. கதையா எழுதுங்க."

"ஏன்?"

"கதைன்னா யாரும் வந்து கேக்க மாட்டாங்க இல்லீங்களா."

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன். மூன்றையும் இங்கே விட்டுவைக்கிறேன்.

"பனி விலகாத புல்வெளியில் ஏழு காட்டுப்பன்றிகள் ஒன்றன்பின் ஒன்றாக…"

[நிறுத்தினேன். செப்டம்பரில் அங்கே பனி கிடையாது. அதிகாலையிலேயே சட்டை முதுகில் ஒட்டும். வேட்டை என்றதும் என் பேனா பனியை இறக்கிவிட்டது.]

"ராஜலக்ஷ்மி முந்தின நாள் கட்டிவைத்த எலுமிச்சம் சாதத்தை எடுத்துக்கொண்டு ஜம்புநாதன் காலை நாலு மணிக்கு…"

[இது உண்மை. ராஜலக்ஷ்மி அவர் மனைவி. ஜம்புநாதன் சைவம், முட்டைகூடத் தொடமாட்டார். ஆனால் இறக்கப் போகிறவரின் கையில் முதல் வரியிலேயே சாப்பாட்டு டப்பாவைக் கொடுப்பது வாசகரை அழவைக்கும் குறுக்குவழி. அடித்துவிட்டேன். அடித்ததைச் சொல்லும் சாக்கில் சொல்லியும்விட்டேன்.]

"இளமாறனின் விரல்"

[இதற்கு மேல் எழுத முடியவில்லை.]

3

துப்பாக்கியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பின்னால் நடப்பது புரியாது.

அது எடை குறைந்த, கறுப்பான, பாதித் தானியங்கித் துப்பாக்கி. ஒருமுறை விசையை அழுத்தினால் ஒரு தோட்டா போகும். போன கணமே, சுட்டவர் ஒன்றும் செய்யாமல், அடுத்த தோட்டா தானாகக் குழலின் அடியில் வந்து உட்கார்ந்துவிடும். தோட்டாவின் பருமன் கால் அங்குலத்துக்கும் குறைவு. தோளில் பெரிய உதை இருக்காது என்பதால் புதிதாகச் சுடுகிறவர்களுக்கு இதைத்தான் கொடுப்பார்கள்.

நான் இருக்கும் நியூ ஜெர்சியில் மான் வேட்டைக்கு இந்தத் துப்பாக்கியைக் கொண்டுபோக முடியாது. டெக்சாஸில் முடியும். சட்டம் அனுமதிப்பதும் மிருகம் வேதனையில்லாமல் சாவதும் ஒன்றா என்பதுதான் வேட்டைக்காரர்களின் வாதம். சரியான இடத்தில் பட்டால் மான் நின்ற இடத்திலேயே விழும் என்பார்கள் ஒரு சாரார். நாலு விரற்கடை தள்ளிப் பட்டால் அது அரை மைல் ஓடிச் சாகும் என்பார்கள் மறு சாரார். பன்றிக்குத் தோள்பட்டையில் தடித்த தோல் வேறு. காதுக்குப் பின்னால் குறி வைக்க வேண்டும், உள்ளங்கை அளவு இடம்.

ஜம்புநாதன் 2022 நவம்பரில் இந்தத் துப்பாக்கியால் ஒரு மானைச் சுட்டார். அது வேலி தாண்டிப் பக்கத்து நிலத்துக்குள் ஓடியது. நிலத்துக்காரரிடம் அனுமதி வாங்கி, இருட்டும்வரை ஐந்து மணி நேரம் தேடினார். ரத்தத் துளிகள் ஓடை வரை இருந்தன, அதற்கப்புறம் இல்லை. அதன் பிறகு அவர் மானைச் சுடவில்லை. பன்றி மட்டும். பயிரையும் மேய்ச்சல் புல்லையும் கிளறிப் போடுவதால் பன்றியைச் சுடப் பண்ணைக்காரர்களே ஆட்களைக் கூப்பிடுகிறார்கள். சுட்ட இறைச்சியை ஜம்புநாதன் அந்தப் பண்ணைக்காரருக்கே கொடுத்துவிட்டு வந்துவிடுவார்.

"சாப்பிடவும் மாட்டீங்க, அப்புறம் எதுக்குங்க சார் சுடறீங்க?" என்று அவருடைய டீமில் வேலை பார்த்த இளமாறன் ஒருமுறை கேட்டிருக்கிறார்.

"நீ எழுதற சாஃப்ட்வேரை நீயாடா யூஸ் பண்றே?" என்றாராம் ஜம்புநாதன்.

4

இந்த மனிதரைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம். இளமாறன் சொல்லும் ஜம்புநாதன் மிகவும் நல்லவர். செத்தவரைப் பற்றி, அதுவும் இப்படிச் செத்தவரைப் பற்றி, இளமாறன் வேறு எப்படிச் சொல்வார்? ஒரு பாத்திரத்தில் கறையே இல்லையென்றால் எழுதியவன் ஏதோ மறைக்கிறான் என்று வாசகர் கண்டுபிடித்துவிடுவார்.

அதனால் துருவித் துருவிக் கேட்டேன். கிடைத்தவை: ஜம்புநாதன் மீட்டிங்கில் எல்லார் முன்னிலையிலும் ஆட்களைக் கிண்டல் செய்வார். வீட்டில் கோபம் வந்தால் இரண்டு நாள் பேசமாட்டார். யாராவது தயங்கினால் அவருக்குப் பொறுக்காது. 2024 ஆகஸ்ட் 16 அன்று அவருடைய வேலை போனது. பதினெட்டு வருடம் இருந்த கம்பெனி. அதை அவர் மனைவியிடம் நாலு நாள் கழித்துத்தான் சொன்னார்.

[கடைசி வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். ராஜலக்ஷ்மி அதை மறக்கவே இல்லை; அது போதும்.]

5

இப்போது இளமாறன்.

ஊர் கோபிசெட்டிபாளையம். வயது நாற்பது. மனைவி தாமரைச்செல்வி, ஹூஸ்டனை ஒட்டிய கேட்டி என்ற ஊரில் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறார். மகள் தென்றல், பதினொரு வயது, அங்கேயே பிறந்தவள். இளமாறன் பதிமூன்று வருடமாக வேலை விசாவில் இருக்கிறார், கிரீன் கார்டு வரிசையில். விசா காகிதங்கள் ஒவ்வொன்றையும் மூன்று பிரதி எடுத்து, ஒன்றை வீட்டில், ஒன்றைக் காரில், ஒன்றைத் தம்பி வீட்டில் வைத்திருப்பவர். முப்பத்தைந்து மைல் வேகம் என்று போர்டு இருந்தால் முப்பத்து மூன்றில் போவார்.

வேலை விசாவில் இருப்பவர் இந்த நாட்டில் துப்பாக்கியைக் கையில் எடுக்கவே கூடாது. மத்தியச் சட்டம். விதிவிலக்குகளில் ஒன்று, வேட்டை லைசென்ஸ். நடப்பில் உள்ள வேட்டை லைசென்ஸ் வைத்திருந்தால் எடுக்கலாம். அதனால் மிருகத்தின் பக்கமே போகாமல் சும்மா அட்டையைக் குறிபார்த்துச் சுடுவதற்கும்கூட நம் ஆட்கள் வேட்டை லைசென்ஸ் வாங்கிவைத்துக்கொள்வார்கள். இளமாறனும் 2023 அக்டோபரில் வாங்கினார். வழக்கம்போல மூன்று பிரதி எடுத்தார்.

டெக்சாஸில் வேட்டை லைசென்ஸ் எப்போது வாங்கினாலும் ஆகஸ்ட் 31 அன்று முடிந்துவிடும். வாங்கிய நாளிலிருந்து ஒரு வருடம் என்று இளமாறன் நினைத்திருந்தார். அவர் வாழ்க்கையில் மற்ற எல்லாக் காகிதங்களும் அப்படித்தான் முடிகின்றன.

வேட்டை நாள் அதிகாலை ஜம்புநாதனின் காரில் பண்ணைக்குப் போகும்போது இளமாறனுக்கு என்னவோ உறுத்தி, லைசென்ஸைப் பற்றிப் பேச்செடுத்தார்.

"பன்னிக்கு லைசென்ஸே வேண்டாம்டா இப்போ. சட்டத்தையே மாத்திட்டான். எத்தனை பன்னி இருக்கோ அத்தனையும் சுடலாம்."

"கன்ஃபார்மாங்க சார்?"

"மாறா, நீ பன்னியைச் சுட வரயா, விசா இன்டர்வியூக்கு வரயா?"

ஜம்புநாதன் சொன்னது சரி, அவரைப் பொறுத்தவரை. அவர் 2015இலேயே குடியுரிமை வாங்கிவிட்டார். சொந்த நிலத்திலோ அனுமதி பெற்ற நிலத்திலோ பன்றி சுட அந்த மாநிலத்தில் லைசென்ஸ் தேவையில்லை. ஆனால் இளமாறனுக்கு லைசென்ஸ் பன்றிக்காக அல்ல, துப்பாக்கியைத் தொடுவதற்காக. ஒருவருக்கு மறந்துபோன ஒரு விஷயமும் மற்றவருக்குத் தெரியாத ஒரு தேதியும் அந்தக் காரில் சேர்ந்து உட்கார்ந்திருந்தன. லைசென்ஸ் முடிந்து ஏழு நாள் ஆகியிருந்தது.

6

நடந்தது இது. இளமாறன் சொன்னபடி. அலங்காரம் எதையும் சேர்க்கவில்லை.

வெளிச்சம் வருவதற்குள் பரணில் ஏறிவிட்டார்கள். தகரக் கூரை போட்ட பெட்டி மாதிரி ஒரு பரண், தரையிலிருந்து பத்தடி உயரத்தில், ஓர் இரும்பு ஏணியுடன். ஜம்புநாதன் துப்பாக்கியின் அடியில் மாட்டும் தோட்டாப் பெட்டியான மேகஸினில் ஐந்து தோட்டாக்கள் போட்டுத் துப்பாக்கியை இளமாறனிடம் கொடுத்தார்.

"என்.சி.சி.யில பட்டாணி மாதிரி குண்டு சுட்டவன்தானே நீ? இன்னிக்கு உன் டர்ன்."

ஏழரை மணிக்கு ஜம்புநாதன் சிறுநீர் கழிக்கக் கீழே இறங்கினார். அவர் திரும்பி ஏணியடிக்கு வந்த சமயத்தில் புதரிலிருந்து பன்றிகள் வெளியே வந்தன. ஜம்புநாதன் அப்படியே நின்று, கையை மட்டும் அசைத்துச் சுடச் சொன்னார். இளமாறன் பெரிய பெண் பன்றியைக் குறி பார்த்து ஒரு முறை சுட்டார். அது விழுந்தது. எழுந்தது. பின்கால் இழுபட, புதருக்குள் போய்விட்டது. மற்றவை கலைந்து ஓடின.

புதருக்குள்ளிருந்து சத்தம் வந்துகொண்டே இருந்தது. அந்தச் சத்தத்தை இளமாறன் எனக்குப் போனில் செய்து காட்ட முயன்று, பாதியில் விட்டார்.

"வயித்துல பட்டிருக்குடா," என்றார் ஜம்புநாதன். "துடிக்க விடக் கூடாது. கொடு, கீழ கொடு."

"நான் இறங்கி வர்றனுங்க சார்."

"நீ இறங்கி, அது செத்து… கொடுடா."

இளமாறன் குனிந்து, துப்பாக்கியின் பிடியைத் தன் கையில் வைத்துக்கொண்டு, குழல் பக்கத்தைக் கீழே நீட்டினார். ஜம்புநாதன் ஏணியின் மூன்றாவது படியில் ஏறி, இடது கையால் குழலைப் பிடித்து இழுத்தார். வெடித்தது.

ஏன் அப்படிக் கொடுத்தார்? இந்தக் கேள்வியை நான் இளமாறனிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் எனக்கு மட்டும் இல்லை. கல்லூரி என்.சி.சி.யில் எங்களுக்குக் கொடுத்த பழைய துப்பாக்கியில், ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் போல்ட் என்ற இரும்புத் தாழைக் கையால் பின்னுக்கு இழுத்து, வெற்று உறையை வெளியே தள்ளி, அடுத்த தோட்டாவை ஏற்ற வேண்டும். இழுக்காத வரை உள்ளே இருப்பது வெற்று உறைதான். போல்ட்டை இழுக்காத துப்பாக்கி வெறும் கட்டை என்பது எங்கள் முகாமில் ஒரு வழக்கு. ஜூனியர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்த சீனியர்களில் நானும் உண்டு.

ஜம்புநாதனின் துப்பாக்கியை இளமாறன் அதற்கு முன் நாலைந்து தடவை சுட்டிருக்கிறார். எல்லாம் சுடுதளத்தில். ஐந்து போட்டால் ஐந்தையும் சுடுவார். கடைசித் தோட்டா போனதும் போல்ட் தானாகத் திறந்து நின்றுவிடும். ஒன்றோடு நிறுத்தியது அன்றுதான் முதல் தடவை. அடுத்த தோட்டா தானாக ஏறிவிடும் என்பது வாய்க்குத் தெரிந்திருந்தது, கேட்டிருந்தால் சரியாகச் சொல்லியிருப்பார். கைக்குத் தெரிந்திருந்தது கோவை முகாம்.

"என் விரல் எங்க இருந்துச்சுன்னு எனக்குத் தெரியலைங்ண்ணா. விசை மேலயா, பக்கத்துலயா. ரெண்டு மாசமா அதைத்தான் யோசிக்கிறன். அவரு இழுத்தாரு. அவ்வளவுதான் தெரியுது."

அங்கே போனுக்கு சிக்னல் இல்லை. மண்பாதையில் அரை மைல் ஓடி, வேலிக் கதவருகே நின்று 911க்குக் கூப்பிட்டார். ஆம்புலன்ஸ் வர முப்பத்தைந்து நிமிடம் ஆனது. அதற்கு முன்பே முடிந்திருந்தது.

பன்றியைப் பண்ணைக்காரர் மறுநாள் ஓடைக்கரையில் கண்டார்.

7

ஷெரிஃபின் உதவியாளர் வந்து கேட்ட முதல் கேள்வி, துப்பாக்கி யார் கையில் இருந்தது என்பது.

இளமாறன் வாயைத் திறக்கவில்லை. கையை மட்டும் நீட்டி ஜம்புநாதனைக் காட்டினார்.

அவ்வளவுதான். அந்தக் கை நீட்டல் பிறகு ஒரு வாக்கியமாகத் தட்டச்சு ஆகி வந்தது. அதில் அவர் கையெழுத்துப் போட்டார். ஆம்புலன்ஸுக்காகக் காத்திருந்த நேரத்தில், ஜம்புநாதனின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, போனில் தன் லைசென்ஸின் படத்தைத் திறந்து தேதியைப் பார்த்திருக்கிறார் அவர்.

[இந்த வாக்கியத்தை எடுத்துவிடும்படி இளமாறன் கேட்கவில்லை. "இதையும் போட்டுக்குங்க" என்றார். வரிசையை மாற்றி, தேதியைப் பிறகு பார்த்ததாக எழுதினால் அவர் மேல் இரக்கம் வரும். மாற்றவில்லை. வேலிக் கதவிலிருந்து பரணுக்கு அவர் திரும்பி ஓடியதைச் சொல்ல மறந்துவிட்டேன். ஓடினார்.]

அவர் உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பெயர் சொல்ல விரும்பாத ஒரு வழக்கறிஞரைக் கேட்டேன். மரணம் விபத்து என்றே முடிந்திருக்கலாம் என்றார். ஆனால் லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தது தனிக் குற்றம். அது நிரூபணமானால் விசா, வரிசை, பதிமூன்று வருடம் எல்லாம் போகலாம். "கதையில எழுதினா?" என்று கேட்டேன். "கதை சாட்சி ஆகாது. ஆனா எழுதினவரைக் கூப்பிட்டுக் கேக்கலாம்," என்றார்.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் சுகர் லேண்டில், ஜம்புநாதனின் வீட்டில் இருந்தது.

8

ஜனவரி கடைசியில் போனேன். ஜம்புநாதனின் நண்பர்களைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். பொய்யில்லை; முழுமையும் இல்லை.

ராஜலக்ஷ்மி காபி கொடுத்தார். சர்க்கரை தனியாக வைத்தார்.

"உங்க வயசுல எல்லாருக்கும் ஏதாவது இருக்கு. அதான் தனியா வெச்சேன்," என்றார். பிறகு, நான் ஒன்றும் கேட்காமலே தொடங்கினார்.

"நாலு மணிக்குக் கிளம்பினார். நான் தூங்கறேன்னு நினைச்சுண்டு கதவை மெதுவா சாத்தினார். நான் முழிச்சுண்டுதான் இருந்தேன். முந்தின நாள் சண்டை. வேலை போனவன் போற இடமா இதுன்னு கேட்டுட்டேன். அந்தக் கோபம். அதான் எழுந்துக்கலை."

நான் காபியைக் குடித்தேன்.

"ஒரு ஆன்ட்டி வந்தா, பதினோராம் நாள். உப்புமா கொண்டுவந்தா. அதோட இன்னொண்ணும் கொண்டுவந்தா. 'மனசுல ஏதாவது வெச்சுண்டிருந்தாரா'ன்னு கேட்டா. வேலை போய் மூணு வாரம், தானே ஏணியில தானே துப்பாக்கியோட… நாலு பேர் நாலு விதமா கூட்டிக் கழிக்கறா. எனக்கே சில நாள் அந்தக் கணக்கு சரியா வரது."

மாடியிலிருந்து மகள் தீக்ஷா இறங்கி வந்தாள். பத்தொன்பது வயது. ஆஸ்டினில் கல்லூரிப் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு வந்திருந்தாள். அம்மா தமிழில் பேச, அவள் ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். நான் எழுதுகிறவன் என்று தெரிந்ததும் தன் போனைக் காட்டினாள். ஆகஸ்ட் 16லிருந்து செப்டம்பர் 6 வரை அப்பா அவளுக்கு அனுப்பிய மெசேஜ்கள் எல்லாம் அதில் தேதிவாரியாக இருந்தன. சிலவற்றுக்கு மஞ்சள் வண்ணம் பூசியிருந்தாள். "கார் டயரை நீயே செக் பண்ணக் கத்துக்கோ" என்பது மஞ்சள். "அம்மாவுக்கு அடிக்கடி போன் பண்ணு" மஞ்சள். இவை விடைபெறும் வார்த்தைகளா என்று என்னைக் கேட்டாள். எழுதுகிறவர்களுக்கு வரிகளுக்கு நடுவில் படிக்கத் தெரியும் இல்லையா என்றாள்.

வெறும் டயர்தான் என்று எனக்குத் தெரியும். அந்த அறையில் அது எனக்கு மட்டும் தெரியும். எப்படித் தெரியும் என்று சொல்லாமல் அதை அவளிடம் சொல்ல வழியில்லை.

"எல்லா அப்பாக்களும் சொல்றதுதானேம்மா," என்றேன்.

அவள் போனை வாங்கிக்கொண்டு மேலே போய்விட்டாள்.

ராஜலக்ஷ்மி டம்ளரை எடுக்க வந்தபோது கேட்டார்: "கதை எழுதறேள்னு இளமாறன் சொன்னார். அதுல இவர் கடைசியா என்ன சொல்றார்?"

"இன்னும் எழுதலைங்க."

"எழுதறவாளுக்கே தெரியலையா," என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை.

9

அன்று மாலை கேட்டியில் இளமாறன் வீட்டுக்குப் போனேன். தென்றல் நீச்சல் வகுப்புக்குப் போயிருந்தாள். நான் உட்கார்வதற்கு முன்பே தாமரைச்செல்வி பேசத் தொடங்கினார்.

"அண்ணா, உங்க கதைக்கு ஒரு முடிவு வேணும். அதுக்கு எங்க வீட்டை எடுத்துக்காதீங்க."

"தாமரை," என்றார் இளமாறன்.

"இருங்க, நான் பேசோணும். அவங்க வீட்ல ஒருத்தரு போயிட்டாரு. நான் அழுகாத நாளில்லை. அதுக்குன்னு எங்க வீட்லயும் ஒருத்தரு போகோணுமா? எனக்குப் புரியலை. தென்றலை எங்க கூட்டிட்டுப் போறது? அவளுக்குத் தமிழ்ல அவ பேரைத் தவிர ஒண்ணும் எழுதத் தெரியாது."

நான் தீக்ஷாவின் போனைப் பற்றிச் சொன்னேன். டயர், மஞ்சள் வண்ணம், எல்லாம். தாமரைச்செல்வி எழுந்து சமையலறைக்குப் போனார். தண்ணீர்க் குழாய் வெகு நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

"அதனாலதாங்ண்ணா கதையா எழுதச் சொன்னேன்," என்றார் இளமாறன் மெதுவாக. "அவங்க படிப்பாங்க. பேரெல்லாம் மாத்தியிருந்தாலும் புரிஞ்சுக்குவாங்க. நான் சொன்னதாவும் இருக்காது."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர் கேட்டது கதை அல்ல. தான் போய்ச் சொல்ல வேண்டியதைக் கொண்டுபோய்க் கொடுக்க ஓர் ஆள். புனைவு என்ற சொல்லுக்குப் பின்னால் அவரும் நின்றுகொள்ளலாம், நானும் நின்றுகொள்ளலாம். ராஜலக்ஷ்மி மட்டும் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு, இதில் எது நடந்தது, எது நடக்காதது என்று மறுபடி கணக்குப் போட வேண்டும்.

"எழுத மாட்டேன்," என்றேன்.

"அப்ப அவங்களுக்கு யாருங்ண்ணா சொல்லுவாங்க?"

சமையலறையில் குழாய் நின்றது. தாமரைச்செல்வி கதவருகே வந்து நின்றார்.

10

ஊர் திரும்பியபின் வேறு முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

(அ) இளமாறன் நேராக ஷெரிஃப் அலுவலகத்துக்குப் போகிறார். இரண்டு பக்கம். நீதி ஜெயிக்கும் கதைகளில் தென்றல் என்ற பெண்ணுக்கு இடம் கிடைக்கவில்லை.

(ஆ) யாரும் யாரிடமும் சொல்லவில்லை. தீக்ஷா மேலும் மேலும் மெசேஜ்களுக்கு மஞ்சள் பூசிக்கொண்டே… [நிறுத்தினேன்.]

(இ) ஜம்புநாதன் அன்று பெரிய தோட்டா போடும் துப்பாக்கியைக் கொண்டுவருகிறார். இளமாறனின் தோள் வலிக்கிறது, ஆனால் பன்றி நின்ற இடத்தில் விழுகிறது. சத்தம் இல்லை, அவசரம் இல்லை. "பரவாயில்லையேடா," என்று ஜம்புநாதன் மேலே ஏறி வருகிறார். இதைத்தான் முதலில் எழுதினேன். நாலு பக்கம். இந்தக் கதைக்காக எழுதியவற்றில் நன்றாக வந்தது அதுதான். அதை வைத்திருக்கவில்லை.

பிப்ரவரி 22, சனிக்கிழமை, இளமாறன் சுகர் லேண்டுக்குப் போனார். தாமரைச்செல்விதான் காரை ஓட்டினார். உள்ளே போகாமல் காரிலேயே இருந்தார். நான் அங்கே இல்லை. கணவன் மனைவி இருவரும் தனித்தனியே போனில் சொன்னதிலிருந்து எழுதுகிறேன்.

இளமாறன் முதலில் ராஜலக்ஷ்மியிடம் சொன்னார். கை, பிடி, குழல், லைசென்ஸ், தேதி. "துடிக்க விடக் கூடாது" என்று ஜம்புநாதன் சொன்னது. தான் கை நீட்டிக் காட்டியது. ராஜலக்ஷ்மி அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தார். கடைசிவரை குறுக்கே பேசவில்லை.

பிறகு சொன்னார்: "இருங்கோ, தீக்ஷாவைக் கூப்பிடறேன். இதையே அவகிட்டயும் சொல்லுங்கோ. ஒண்ணு விடாம சொல்லுங்கோ."

இளமாறன் இரண்டாவது முறை ஆங்கிலத்தில் சொன்னார்.

தீக்ஷா என்ன சொன்னாள் என்பது எனக்குத் தெரியும். அதை இங்கே எழுதப் போவதில்லை. அது அவள் இளமாறன் ஒருவரிடம் மட்டும் சொன்னது.

ஷெரிஃப் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினால் போதும், விசாரணை மறுபடி திறக்கும். அதை எழுதும் உரிமை அந்த இரண்டு பெண்களுக்கும் இருக்கிறது, இன்றும் இருக்கிறது. எழுதுவார்களா, எழுதவேண்டுமா என்று நான் மூன்று மாதம் இந்தப் பக்கத்தோடு உட்கார்ந்திருந்தேன். என்னால் முடிவு செய்ய முடியவில்லை. ராஜலக்ஷ்மியின் நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்திருந்தால் என்ன செய்வீர்கள் என்பதை இங்கே நிரப்பிக்கொள்ளுங்கள்:

[                    ]

நான் கேட்டதற்கு ராஜலக்ஷ்மி சொன்னது ஒன்றுதான்: கதையைப் போட்டுக்கொள்ளலாம், பெயர்களை மாற்றினால் போதும். மாற்றியிருக்கிறேன்.

இளமாறன் மே மாதம் வேலையை ராஜினாமா செய்தார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. ஜூன் 14 அன்று அவரும் தாமரைச்செல்வியும் தென்றலும் ஹூஸ்டனிலிருந்து விமானம் ஏறினார்கள். தென்றல் கோவையில் ஆறாம் வகுப்பில் சேர்ந்திருக்கிறாள்.